சல்மெலாப் படகின் தாளக்காரி

அந்த வசந்தத்தில் உலகமே மந்தமாகிவிட்டது என்று சிர்க்கா முடிவு கட்டினாள். கடைக்காரன் ஒரு மீனைக் காகிதத்தில் சுற்ற ஒரு யுகம் எடுத்துக்கொண்டான். தபால் வண்டி ஊர்ந்தது. கணவன் ரெய்னோ ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் அவள் பாத்திரம் கழுவி, தரை துடைத்து, அதற்குப் பதிலும் சொல்லிவிட்டு வெளியே போயிருப்பாள். ரெய்னோ பேச்சில் சிக்கனக்காரன் என்பது ஊரறிந்த விஷயம், அது போகட்டும். ஏரியில் பனிக்கட்டி உருகிப் படகைத் தண்ணீரில் இறக்கிய பிறகு, தன் படகிலிருந்த மற்ற பெண்களும் ரெய்னோ ஆகிவிட்டார்கள் என்று தோன்றியபோதுதான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

சல்மெலாவில் கோடை என்றால் படகுதான். ஒரு காலத்தில் ஊரே ஏறி அக்கரைத் தேவாலயத்துக்குப் போன நீளப் படகு. இப்போது ஜூலைப் பந்தயத்துக்காகவே அதற்குத் தார் பூசி வைத்திருக்கிறோம். பதினான்கு பேர் துடுப்புப் போட, ஒருத்தி கடைக்கோடியில் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பாள். துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரவேண்டும். அவர்களில் சுக்கான்காரிக்கு நேர் எதிரே, முதல் பலகையில் உட்கார்கிறவள்தான் தாளக்காரி. மற்ற எல்லோரும் அவள் முதுகைப் பார்த்தே இழுப்பார்கள். அவள் வேகம்தான் படகின் வேகம். அந்தப் பலகை பல வருஷமாகச் சிர்க்காவுடையது.

பலகை அவளுடையது, கோப்பை மட்டும் எப்போதும் ஹொங்கொலாக்காரிகளுடையது. எதிர்க்கரை ஊர் அது. ஜெயித்ததோடு விட்டால் பரவாயில்லை. குளிர்காலம் முழுக்க சிர்க்கா வேலை செய்யும் காப்பிக் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "பந்தயம் பூரா உங்க படகோட மூக்கையே பார்த்துக்கிட்டு வந்தோம்டி, சிர்க்கா. ரொம்ப அழகான மூக்கு" என்பார்கள். முன்னால் போகிறவர்களுக்குத்தானே பின்னால் வருகிற படகின் மூக்கு தெரியும்! அதைக் கேட்டுக்கொண்டே அவர்களுக்குக் காப்பி ஊற்றவும் வேண்டும். இந்த வருஷம் அந்த வாயை அடைத்தே தீருவது என்று சிர்க்கா சபதம் எடுத்திருந்தாள்.

முதல் பயிற்சியில் படகு பறந்தது. மிகையில்லை, கரையில் நின்ற நாங்கள் கண்ணால் பார்த்தோம். தண்ணீர் இரண்டு பக்கமும் சீறிற்று. ஐம்பதைத் தாண்டிய சிர்க்கா இருபது வயதுக்காரி மாதிரி இழுத்தாள், கன்னம் சிவக்க, கண் பளபளக்க. பார்த்தவர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். "கோப்பை வந்தாச்சு!" என்று யாரோ கத்தினார்கள். ஆனால் ஏரியின் பாதியைத் தாண்டியதும் துடுப்புகள் ஒன்றோடொன்று முட்ட ஆரம்பித்தன. நாலு பேர் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். சிர்க்கா மட்டும் நிறுத்தவே இல்லை.

"ஏன்டி, துடுப்புப் போடுறியா, கஞ்சி கிண்டுறியா?" என்று தலையைத் திருப்பாமலே கத்தினாள். அது ஓர்வொக்கிக்கு. சிர்க்காவுக்கு நேர் பின்னால் உட்கார்கிறவள், மாட்டுப்பண்ணைக்காரி, பெரிய கை, பெரிய தோள். ஒரு கேள்வி கேட்டால் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

"இந்த வேகத்துல கறந்தா என் மாடு என்னை உதைக்கும், சிர்க்கா."

"நீ பேசி முடிக்கறதுக்குள்ள ஹொங்கொலாக்காரி கோப்பையில தண்ணி ஊத்திக் குடிச்சிடுவா!"

சுக்கான் பிடித்திருந்த ஹில்யா, "மெதுவா, மெதுவா" என்று முதல் வாரம் கத்திப் பார்த்தாள். இரண்டாவது வாரம் வாயை மூடிக்கொண்டாள். காதில் போட்டுக்கொள்ளாதவளிடம் எத்தனை நாள் தொண்டை கிழியக் கத்துவது?

கோளாறு படகில் மட்டும் இல்லை. காப்பிக் கடையின் சமையலறையில் ரை தானிய மாவை மெல்லிசாகத் தேய்த்து, நடுவே அரிசிக் கஞ்சி வைத்து, ஓரத்தை விரலால் சுருக்கிச் சுருக்கி மடித்துச் சுடும் பலகாரம் சிர்க்காவின் கைப்பக்குவம். அந்த மடிப்பைப் பார்த்தே இது சிர்க்கா செய்தது என்று சொல்லிவிடலாம். அந்த மே மாதம் மடிப்புகள் கன்னாபின்னாவென்று போயின. விரல் நடுங்கியது. மாவு சரியில்லை என்று மில்காரனிடம் சண்டைக்குப் போனாள். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. இப்போதெல்லாம் எலாஸ்டிக் எங்கே உருப்படியாக வருகிறது என்று திட்டிக்கொண்டே ஊக்கு குத்திக்கொண்டாள். தட்டுத் தட்டாகச் சாப்பிட்டுவிட்டு, ரெய்னோவின் தட்டிலிருந்த உருளைக்கிழங்கையும் எடுத்துக்கொண்டாள். தூக்கம் வராத நேரத்தில் வேலி முழுக்கப் பெயின்ட் அடித்தாள். கேட்காமலே பக்கத்து வீட்டு வேலிக்கும் அடித்துவிட்டாள்.

"காப்பியைக் குறைச்சுப் பாரேன்" என்றாள் தூலா. காப்பிக் கடையில் சிர்க்காவோடு வேலை செய்பவள், படகிலும் கூட்டாளி. சொல்லும்போது அவள் கையிலிருந்தது அன்றைய ஆறாவது கோப்பை. ஊர்ப் பெண்கள், "வயசுதான். எங்களுக்கும் அப்படித்தான் உடம்பு கொதிச்சுது" என்றார்கள். சிர்க்காவுக்கு இது எதுவுமே கவலையாகப் படவில்லை. அவளுக்குத் தான் நன்றாக இருக்கிறோம் என்றுதான் தோன்றியது. இத்தனை சுறுசுறுப்பை யாராவது நோய் என்பார்களா? மற்றவர்களுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது.

ஆனால் சவுனா விஷயத்தில் அப்படிச் சமாளிக்க முடியவில்லை. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பெண்கள் எல்லோரும் சிர்க்கா வீட்டுக் கரைச் சவுனாவில்தான், சூடேறிய கல்லில் எழும் ஆவியில் வேர்க்க வேர்க்கக் குளிப்பார்கள். மேல் பலகை அவளுடைய சிம்மாசனம். கடைசியாக வெளியே வருகிறவள் எப்போதும் அவள்தான். அந்த வருஷம் இரண்டாவது அகப்பைத் தண்ணீர் கல்லில் விழுந்து ஆவி எழும்போதே அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். சல்மெலாவில் பிறந்த பெண் சவுனாவிலிருந்து முதலில் எழுந்து ஓடுவதா! பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடுப்பு கெட்டுப்போச்சு" என்றாள் ரெய்னோவிடம். "ஆளைச் சுட்டுத் தள்ளுது."

அந்த அடுப்பு ரெய்னோ தன் கையால் கட்டியது. அவன் பேசாமல் கல்லை மாற்றினான். மறுவாரம் புகைபோக்கியைக் குறுக்கினான். அதற்கடுத்த வாரம் விறகைப் பாதியாக்கினான். கடைசியில் சவுனா வெதுவெதுப்பாகிவிட்டது, சிர்க்கா மட்டும் இன்னும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு முதலில் ஓடினாள். "இது சவுனாவா, மாட்டுக் கொட்டகையா?" என்று ஹில்யா முணுமுணுத்தாள். மாட்டுக் கொட்டகை கதகதப்பாகவே இருக்கும் என்று ஓர்வொக்கி நிதானமாகத் திருத்தினாள். அவமானம் தாங்காமல் ரெய்னோ சனிக்கிழமைகளில் கடைத்தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள், சவுனாவின் கீழ்ப் பலகையில் உட்கார்ந்து சிர்க்கா சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே தூலா அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு மடக்குக் குடி."

"எதுக்கு?"

"குடி டீ, சொல்றேன்."

சிர்க்கா குடித்தாள். குரல்வளைக்குக் கீழே ஏதோ ஒன்று, சிறிய ரொட்டித் துண்டு அளவு, விழுங்கும்போது மேலே ஏறி இறங்கியது.

"மிர்ரிக்கும் இதேதான்" என்றாள் தூலா.

"யாரு, உன் பூனைக்கா?"

"ஆமா. கிழப்பூனை. திடீர்னு ஒருநாள் குட்டி மாதிரி திரைச்சீலை மேல ஏறுச்சு. ரெண்டு பூனைச் சாப்பாட்டைத் தின்னுச்சு. ஆனா எலும்பும் தோலுமாப் போச்சு. சும்மாவே கத்துச்சு, எல்லாரையும் பிராண்டுச்சு. நான் என்னடான்னா பூனைக்கு இளமை திரும்பிடுச்சுன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்! மாட்டு டாக்டர் வந்து கழுத்தைத் தடவிப் பார்த்துட்டு, தைராய்டு தறிகெட்டு ஓடுதுன்னாரு."

பலகைகளில் சிரிப்பு வெடித்தது. "திரைச்சீலை ஏறலையா இன்னும், சிர்க்கா?" என்றாள் ஒருத்தி. "வேலிக்குப் பெயின்ட் அடிச்சாளே!" என்றாள் இன்னொருத்தி. சிர்க்காவுக்கு முகத்தில் ரத்தம் ஜிவ்வென்று ஏறியது.

"பூனையும் நானும் ஒண்ணா? உங்களால இழுக்க முடியல, அதுக்கு எனக்கு வியாதி கட்டுறீங்களா? பொறாமை புடிச்சவளுங்களா!" சொம்பை வீசிவிட்டு வெளியே போய்ப் படித்துறையில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டிற்று. ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

துண்டைச் சுற்றிக்கொண்டு ஓர்வொக்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்காமலே சிர்க்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தாள்.

"உட்கார்ந்துக்கிட்டு இருக்கும்போதே உன் நாடி பந்தயம் ஓடுது. திங்கட்கிழமை காலையில வண்டி எடுத்துக்கிட்டு வரேன்."

"வேணாம்."

"எட்டு மணிக்கு வரேன்."

வந்தாள். நகரம் வரைக்கும் அவள் ஓட்டிய வேகத்தில் சிர்க்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. சைக்கிள்காரர்கள் தாண்டிப் போனார்கள்.

சுகாதார நிலையத்தின் இளம் பெண் டாக்டர் நாடியைப் பார்த்தார். கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் காற்றில் இலை மாதிரி படபடத்தது. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"கழுத்துல இருக்கற இந்தச் சுரப்பிதான் உங்க உடம்போட வேகத்தை முடிவு பண்ணுது. இதயம் எவ்வளவு வேகமாத் துடிக்கணும், சாப்பாடு எவ்வளவு சீக்கிரம் எரியணும், எவ்வளவு சூடு கிளம்பணும், எல்லாம். அளவா சுரந்தா நல்லது. உங்களுக்கு அது அளவில்லாம கொட்டுது. கிருமியை எதிர்க்கவேண்டிய உங்க எதிர்ப்புச் சக்தியே தப்புக் கணக்குப் போட்டு அதை 'இன்னும் சுர, இன்னும் சுர'ன்னு விரட்டிக்கிட்டே இருக்கு. மூளைக்கு அடியில இருந்து 'சுரக்கணும்'னு உத்தரவு போடற இன்னொரு சுரப்பி, இனிமே சொல்லிப் புண்ணியமில்லைன்னு வாயை மூடிடுச்சு. அப்பவும் கழுத்துல இருக்கறது நிறுத்தல."

சிர்க்கா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "எங்க ஹில்யா மாதிரி" என்றாள்.

"யாரு?"

"சுக்கான்காரி. அவளும் வாயை மூடிட்டா." ஏனோ அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியானால் அடுப்பில் கோளாறு இல்லை. எலாஸ்டிக் தளரவில்லை. மாவு கெடவில்லை. உலகம் மந்தமாகவும் இல்லை. எல்லாம் அதனதன் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஓடியது அவள் மட்டும்தான்! ஒரு பெரிய புதிரை விடுவித்துவிட்டவள் மாதிரி உற்சாகத்தில் எழுந்து நின்றுவிட்டாள். "மாத்திரை குடுங்க டாக்டர். ஜூலையில பந்தயம் இருக்கு."

"மாத்திரை தரேன். சுரப்பியை அடக்க ஒண்ணு, இதயத்தை நிதானப்படுத்த ஒண்ணு. தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தா, மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே இங்க வரணும், காத்திருக்கக் கூடாது. ஆனா ரத்தம் சரியாகற வரைக்கும் துடுப்பைத் தொடக் கூடாது. இந்த நிலைமையில இழுத்தீங்கன்னா இதயம் தாளம் தப்பிப் போயிடும். அப்புறம் பந்தயம் இல்ல, ஆம்புலன்ஸ்தான்."

உற்சாகம் பொசுக்கென்று வடிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் சிர்க்கா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் படகுக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். ஹில்யா துடுப்புக்கு வருவது, ஓர்வொக்கி முதல் பலகைக்கு நகர்வது, சுக்கானுக்குச் சிர்க்கா என்று ஏற்பாடு.

"ஓர்வொக்கியா? என் பலகையிலயா?" சிர்க்கா கொதித்தாள். "அவ இழுக்கற வேகத்துல போனா அடுத்த பந்தயத்துக்குத்தான் போய்ச் சேருவோம்!"

"நீ கரையில நிக்கறதுன்னாலும் நில்லு" என்றாள் தூலா. "ஆனா வாய் சும்மா இருக்குமா உனக்கு? சுக்கான்ல உட்கார்ந்தா கத்தலாம். உன் நோய்க்கு ஏத்த வேலை."

கத்தலாம் என்றதும் சிர்க்கா கொஞ்சம் இறங்கி வந்தாள்.

மாத்திரை வேலை செய்தது. முதலில் விரல் நடுக்கம் நின்றது. ஒருநாள் காலையில் பலகாரத்தின் மடிப்பு வரிசையாக வந்தபோது அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஓடி எல்லோருக்கும் காட்டினாள். தூலா அவள் மாத்திரைப் பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, "மிர்ரிக்கும் இதே வகையறாதான். அவளுக்கு மீன் எண்ணெயில தோய்ச்சுக் குடுப்பேன், உனக்கும் வேணுமா?" என்றாள். தூக்கம் வந்தது. ரெய்னோவின் தட்டில் உருளைக்கிழங்கு மிஞ்சியது. ஒருநாள் அவன் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தான், அவள் முழுசாகக் கேட்டாள். பந்தயத்துக்கு முந்தைய வாரம் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். சுரப்பு நிறையக் குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் இறங்கவேண்டும் என்றார் டாக்டர். துடுப்பு கிடையாது. அன்று சிர்க்கா வண்டியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷக் காத்திருப்பு கையெட்டும் தூரத்தில் நழுவுகிறதே என்று நெஞ்சு வெடித்தது அவளுக்கு.

பந்தய நாளில் கரை முழுக்க ஜனம். பொரித்த மீன் வாசனை, அக்கார்டியன் வாத்தியச் சத்தம், தண்ணீரில் வெயில் தெறித்தது. சிர்க்கா கடைக்கோடியில் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்தாள். ஹொங்கொலாப் படகு பக்கத்தில் வந்து நின்றது. "என்னடி சிர்க்கா, இந்த வருஷம் பயணியா வரியா?" என்று அதன் தாளக்காரி சிரித்தாள். துப்பாக்கி வெடித்தது.

ஹொங்கொலாக்காரிகள் அம்பாகப் பாய்ந்தார்கள். கண் இமைப்பதற்குள் அரைப் படகு தூரம் முன்னே போய்விட்டார்கள். ஓர்வொக்கி தன் பாட்டுக்கு நீளமாக, கனமாக இழுத்துக்கொண்டிருந்தாள். சிர்க்காவால் தாங்க முடியவில்லை. "வேகம்! இன்னும் வேகம்! தூங்குறீங்களா?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஓர்வொக்கி ஒருமுறை அவளைப் பார்த்தாள். சொன்னபடியே வேகத்தைக் கூட்டினாள். படகு சீறியது. ஹொங்கொலாவின் பின்பக்கம் நெருங்கியது. "அப்படித்தான்! விடாதே!"

அப்போதுதான் சிர்க்கா அவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

தன் வேகத்தில் இழுக்கும்போது அந்த முகங்கள் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷமாக அவள் பார்த்ததே இல்லை. தாளக்காரி என்றைக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தாள்? தூலாவின் உதடு வெளுத்து, வாய் மீன் மாதிரித் திறந்து திறந்து மூடியது. ஹில்யா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அழுதுகொண்டே இழுத்தாள். கடைசிப் பலகையில் ஒருத்தியின் துடுப்பு தண்ணீரைத் தொடாமலே போய் வந்தது. பாதி ஏரிகூடத் தாண்டவில்லை. சோம்பேறி, கஞ்சி கிண்டுகிறவள், பொறாமைக்காரி என்று அவள் கத்தியபோதெல்லாம் பின்னால் இருந்தது இந்த மாதிரி முகங்கள்தான். செத்துக்கொண்டே அவள் வேகத்துக்கு ஈடு கொடுத்திருக்கிறார்கள்!

"நிறுத்து!" என்று சிர்க்கா கத்தினாள். "இல்ல, நிறுத்தாதே! நிதானம்! ஓர்வொக்கி, உன் வேகத்துல! நீளமா இழு! எல்லாரும் மூச்சு விடுங்க!"

ஹொங்கொலா மறுபடி விலகிப் போனது. ஒரு முழுப் படகு தூரம். கரையிலிருந்து எங்கள் ஆட்கள் ஐயோ என்று கூவினார்கள். சிர்க்காவின் உடம்பில் ஒவ்வொரு நரம்பும் வேகம், வேகம் என்று அரற்றியது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. முகங்களையே பார்த்துக்கொண்டு, "இழு... விடு... இழு... விடு..." என்று ஓர்வொக்கியின் துடுப்போடு சேர்ந்து சொன்னாள். ஹில்யா கண்ணைத் திறந்தாள். தூலாவின் உதட்டில் ரத்தம் திரும்பியது. பதினான்கு துடுப்பும் ஒரே சத்தமாகத் தண்ணீரில் இறங்கின.

கடைசி வளைவில் ஹொங்கொலாக்காரிகளின் துடுப்பு முட்ட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் சிர்க்காவுக்கு நன்றாகத் தெரியும், வசந்தம் முழுக்கத் தன் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம். "இப்ப!" என்றாள். "இப்பதான்டி கண்ணுங்களா! இருக்கறதெல்லாம் போடுங்க!" ஓர்வொக்கி முதல்முறையாகப் பல்லைக் காட்டிச் சிரித்தாள். அந்தப் பெரிய தோள் பின்னுக்குப் போயிற்று. படகு தண்ணீரை விட்டு எழுந்த மாதிரி இருந்தது. பக்கத்துக்குப் பக்கம், துடுப்புக்குத் துடுப்பு, கரையில் ஜனம் தொண்டை கிழியக் கத்த, சல்மெலாவின் மூக்கு எல்லைக் கொடியைத் தாண்டியபோது ஹொங்கொலாவின் மூக்கு இன்னும் தாண்டவில்லை.

யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யார் தண்ணீரில் விழுந்தார்கள் என்று சொல்ல முடியாது. ரெய்னோ இடுப்பளவு ஏரியில் இறங்கி, செருப்போடு, படகைப் பிடித்து இழுத்தான். படித்துறையில் ஓர்வொக்கி ஹொங்கொலாத் தாளக்காரியிடம் போய் நின்று, சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "உங்க படகு மூக்குல பெயின்ட் உரிஞ்சிருக்கு. கடைசிக் கொஞ்ச தூரம் நல்லாப் பார்த்தேன்." அவள் வாழ்க்கையில் அடித்த முதல் நையாண்டி அதுதான்.

அன்று சவுனாவில் ரெய்னோ பழைய கல்லைப் போட்டு, விறகை அடுக்கி, அடுப்பைப் பழையபடி கொதிக்க வைத்திருந்தான். சிர்க்கா தயங்கித் தயங்கி மேல் பலகையில் ஏறினாள். ஓர்வொக்கி அகப்பையில் தண்ணீர் மொண்டு கல்லில் ஊற்றினாள். ஆவி எழுந்து முதுகைக் கடித்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"போதுமா?"

"ஊத்து" என்றாள் சிர்க்கா.

இரண்டாவது அகப்பை. மூன்றாவது. சுடத்தான் சுட்டது, ஆனால் எல்லோரையும் சுடுகிற மாதிரிதான் சுட்டது. கீழ்ப் பலகைக்காரிகளின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்களுக்கு?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

மறு வருஷம் டாக்டர் துடுப்புக்கு அனுமதி கொடுத்தார். மாத்திரை இன்னும் கொஞ்சம் பாக்கி, ஆனால் ரத்தம் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஓர்வொக்கி எழுந்து முதல் பலகையைக் காட்டி, "உன் இடம்" என்றாள். சிர்க்கா உட்கார்வதற்கு முன்னால் பையிலிருந்து ரெய்னோவின் சைக்கிள் கண்ணாடியை எடுத்தாள். அதைத் தன் பலகைக்கு எதிரே, படகின் விளிம்பில் திருகி மாட்டினாள்.

ஹொங்கொலாக்காரிகள் கைதட்டிச் சிரித்தார்கள். "உதட்டுச் சாயம் பூசவா, சிர்க்கா?" என்றார்கள். எங்கள் படகில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிர்க்கா கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்து, ஓர்வொக்கி தெரிகிறாளா, தூலா தெரிகிறாளா, கடைசிப் பலகை வரை தெரிகிறதா என்று பார்த்தாள். பிறகுதான் துடுப்பைத் தண்ணீரில் வைத்தாள்.